ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து எம்.எஸ்ஸி.க்கு: கணக்கியலும் நிதியியலும் முதுகலையில் படிப்பது பற்றி

கேள்வி கேட்டவர் சொன்ன விவரங்கள் இவை. பி.காம். படிப்பை 72 விழுக்காட்டில் முடித்து, இரண்டு ஆண்டுகளாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியலும் நிதியியலும் சேர்ந்த ஓராண்டு எம்.எஸ்ஸி. படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வீட்டை அடமானம் வைத்து 30 லட்சம் ரூபாய் கடன் வாங்க அவருடைய அப்பா தயாராக இருக்கிறார். அங்கே போகலாமா, ஊரிலேயே எம்.காம். சேரலாமா, அந்த எம்.எஸ்ஸி. முடித்தால் சி.ஏ.வுக்குச் சமமாகுமா என்பது கேள்வி. கணக்கு வேலையைக் கணினியே எடுத்துக்கொண்டுவிடுமா என்ற ஐயமும் கணிதம் பற்றிய பயமும் கூடவே உண்டு. எந்தப் பட்டம் பெரியது என்று கேட்பது போல இருந்தாலும், கணக்குகளில் கையெழுத்திடும் உரிமை, பாடத்தில் ஆழம், வெளிநாட்டில் வேலை ஆகிய மூன்றையும் ஒரே பட்டம் தந்துவிடுமா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. தராது. அவற்றில் எது முதலில் வேண்டும் என்று முடிவுசெய்த பிறகே கல்லூரியைப் பற்றிப் பேச முடியும். நான் சி.ஏ. முடித்துத் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். பல ஆண்டுகளாக மாலை நேரங்களில் முதுகலை மாணவர்களுக்கு நிறும நிதியியல் பாடமும் எடுத்துவருகிறேன். இங்கிலாந்தில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே படித்துத் திரும்பியவர்களை வேலைக்கு எடுத்திருக்கிறேன் என்பதோடு என் அனுபவம் நின்றுவிடுகிறது. அந்நாட்டு வேலைச் சந்தையைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவற்றைக் கேள்வி கேட்டவரிடமே நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஒரு நிறுமத்தின் சட்டப்படியான தணிக்கையைச் செய்யும் தகுதி, 2013ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டம் 141ஆம் பிரிவின்படி, தொழில் செய்யும் சி.ஏ.வுக்கும் சி.ஏ.க்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட கூட்டு நிறுவனத்துக்கும் மட்டுமே உண்டு. எம்.காம்., எம்.பி.ஏ., வெளிநாட்டு எம்.எஸ்ஸி. எதுவும் அந்த உரிமையைத் தராது, இங்கிலாந்தின் கணக்காளர் தொழில் தகுதியான ஏ.சி.சி.ஏ.வும் இங்கே தராது. எதிர்த்திசையில் ஓர் இணைத்தகுதி உண்டு. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு சி.ஏ., சி.எஸ். (நிறுமச் செயலர்), ஐ.சி.டபிள்யூ.ஏ. (அடக்கக் கணக்காளர்) ஆகியவற்றை முதுகலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றது, ஆகவே சி.ஏ. முடித்தவர் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதலாம். எம்.காம். முடித்தவர் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட முடியாது. இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும்: ஆடிட்டர் அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்த இரண்டு ஆண்டுகள், சி.ஏ.வுக்குக் கட்டாயமான பயிற்சிக் காலமாகிய ஆர்டிகல்ஷிப்பாகக் கணக்கில் வராது. பலர் இதைத் தாமதமாகத்தான் அறிகிறார்கள். ஆனால் வணிகவியலில் 55 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பதால், சி.ஏ.வின் முதல் நிலையான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரடியாக அடுத்த நிலையான இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். அதன் இரண்டு குரூப் தாள்களையும் முடித்த பிறகு ஆர்டிகல்ஷிப் புதிய திட்டத்தில் மூன்றாண்டு அல்ல, இரண்டாண்டுதான்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே தணிக்கையில் கையெழுத்திடும் உரிமை ஐ.சி.ஏ.இ.டபிள்யூ., ஏ.சி.சி.ஏ. போன்ற தொழில் அமைப்புகளின் வழியாகவே வரும், பல்கலைக்கழகத்தின் வழியாக வராது. எம்.எஸ்ஸி. முடித்தவருக்கு ஏ.சி.சி.ஏ.வின் 13 தாள்களில் சிலவற்றுக்கு விலக்குக் கிடைக்கும். ஆனால் எவ்வளவு படித்தவருக்கும் 9 தாள்களுக்கு மேல் விலக்கு இல்லை. கடைசி நிலையின் 4 தாள்களை எழுதியே ஆக வேண்டும், 36 மாதப் பணி அனுபவமும் வேண்டும். உங்கள் பி.காம். பட்டத்துக்கே அடிப்படைத் தாள்கள் சிலவற்றில் விலக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு என்பதால், எம்.எஸ்ஸி. கூடுதலாக எத்தனை தாள்களைக் கழித்துத் தரும் என்பதை ஏ.சி.சி.ஏ.வின் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பாடத்தின் பெயரையும் கொடுத்துத் தேடிப் பார்த்துவிடுங்கள். கையேட்டில் 'தொழில் அமைப்பின் அங்கீகாரம் பெற்றது' என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பி 30 லட்சம் செலவழிக்கக் கூடாது.

அப்படியானால் முதுகலைப் படிப்பு எதற்கு? இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பி.காமில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள்கூட இங்கேதான் திகைத்து நிற்கிறார்கள். பி.காம். தேர்வில் சரிக்கட்டுதல் பகுதியில் 'கடனாளிகள் மீது 5% வாரா ஐயக்கடன் ஒதுக்கு உருவாக்குக' என்று வரும். விகிதத்தைத் தேர்வாளர் கொடுத்துவிடுவார். நாம் பெருக்கி, இலாப நட்டக் கணக்கில் பற்று வைத்து, இருப்புநிலைக் குறிப்பில் கழித்துக் காட்டிவிட்டால் முழு மதிப்பெண். 2016 ஏப்ரல் முதல் பெரிய நிறுமங்களில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்த, இண்ட் ஏ.எஸ். எனப்படும் இந்தியக் கணக்கியல் தரநிலைகளில் 109ஆவது என்ன சொல்கிறது? கடன் திரும்பாமல் போகும் வரை காத்திருக்காதே, எதிர்பார்க்கும் இழப்பை விற்ற நாளிலிருந்தே கணக்கில் கொண்டுவா என்கிறது. ஒரு கோடி ரூபாய் வரவேண்டிய ஒரு நிறுமத்தை எடுத்துக்கொள்வோம். செலுத்த வேண்டிய நாள் இன்னும் வராத 60 லட்சத்துக்கு அரை விழுக்காடு, 90 நாட்களுக்குள் தாமதமான 30 லட்சத்துக்கு 3 விழுக்காடு, அதற்கும் மேல் தாமதமான 10 லட்சத்துக்கு 20 விழுக்காடு என்று வைத்தால், ஒதுக்கு 30,000, 90,000, 2,00,000 ஆகியவற்றின் கூட்டாக 3,20,000 ரூபாய். இதுவரை எண்கணிதம். முதுகலை வகுப்பு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: அந்த 20 விழுக்காட்டை யார் முடிவுசெய்தார்கள்? கடந்த ஐந்தாண்டுத் தரவிலிருந்து எடுத்தார்கள் என்றால், அந்த ஐந்தாண்டில் ஒரு பெருந்தொற்றுக் காலமும் இருந்ததே, அதைச் சேர்ப்பதா, நீக்குவதா? அதை 12 விழுக்காடு என்று மேலாளர் மாற்றினால் இலாபம் 80,000 ரூபாய் உயர்கிறது; அவருடைய ஊக்கத்தொகை இலாபத்தோடு இணைந்திருந்தால் அவர் எந்தப் பக்கம் சாய்வார்?

இந்தக் கடைசிக் கேள்வியை வெறும் சந்தேகமாக விட்டுவிடாமல், அளந்து சோதிக்கக்கூடிய கேள்வியாக மாற்றுவதுதான் இந்தத் துறையின் ஆராய்ச்சி. 1991இல் ஜெனிஃபர் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்க நிறுவனங்களை எடுத்துக்கொண்டார். இறக்குமதிப் போட்டியால் நலிந்துவிட்டோம், பாதுகாப்பு வேண்டும் என்று அரசிடம் முறையிட்டு, அதற்கான விசாரணை நடந்த காலத்தில் இருந்த நிறுவனங்கள் அவை. விற்பனை மாற்றத்தையும் நிலைச் சொத்துகளையும் கொண்டு, ரொக்கமாக வராத வரவு செலவுகள் இயல்பாக எவ்வளவு இருக்க வேண்டும் என்று மதிப்பிட்டு, உண்மையில் காட்டியதோடு ஒப்பிட்டார். விசாரணை ஆண்டில் இந்த நிறுவனங்கள் தங்கள் இலாபத்தைக் குறைத்துக் காட்டியதற்கான தடயம் கிடைத்தது. இலாபத்தைக் கூட்டிக் காட்டுவார்கள் என்று மட்டும் பழகியிருந்த நமக்கு இது ஒரு பாடம்: எந்தத் திசையில் ஆதாயமோ அந்தத் திசையில் கணக்கு நகரும். ஆனால் அந்த முறைக்கும் குறை உண்டு. இயல்பான அளவு என்று நாம் மதிப்பிட்டதே தவறாக இருந்தால், வேகமாக வளரும் நேர்மையான நிறுவனம்கூடத் தில்லுமுல்லு செய்ததாகத் தோன்றும். நல்ல ஆசிரியர் இந்த இரண்டையும் சொல்லித்தருவார். தணிக்கையில் இருக்கும் எனக்கு இந்தப் பயிற்சி கோப்புகளைப் பார்க்கும் விதத்தையே மாற்றியது என்று சொல்வதில் தயக்கமில்லை.

நிதியியல் பக்கத்திலும் இப்படித்தான். மூலதன அடக்கச் சூத்திரத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1958இல் மொதிக்லியானி, மில்லர் என்ற பொருளாதார அறிஞர்கள் காட்டியது, வரியும் திவால் செலவும் தகவல் ஏற்றத்தாழ்வும் இல்லாத சந்தையில் ஒரு நிறுமத்தின் மதிப்பு அது கடன் வாங்கி நடக்கிறதா, பங்கு முதலில் நடக்கிறதா என்பதைச் சார்ந்ததே இல்லை என்பதை. உண்மையான உலகில் இவை எல்லாம் இருக்கின்றனவே, பிறகு இந்தத் தேற்றம் எதற்கு என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது கேட்பார். எந்த இடத்தில் உராய்வு இருக்கிறதோ அந்த இடத்தில்தான் கடனுக்கும் பங்குக்கும் வேறுபாடு பிறக்கிறது என்று அடையாளம் காட்டுவதற்காகவே அது இருக்கிறது. அதேபோல 1968இல் ரே பால், பிலிப் பிரௌன் என்ற ஆய்வாளர்கள் செய்த ஆய்வு, ஆண்டறிக்கை வெளிவருவதற்கு முன்பே அதிலிருக்கும் தகவலின் மிகப் பெரும்பகுதி பங்கு விலையில் ஏறிவிடுகிறது என்று காட்டியது. நாம் இரவு பகலாக உட்கார்ந்து முடித்துக்கொடுக்கும் கணக்குகளைச் சந்தை ஏற்கெனவே ஏறத்தாழ அறிந்திருக்கிறது என்பது ஓர் ஆடிட்டருக்குச் சற்றுக் கசப்பான செய்திதான். ஆனால் சத்யம் கணினி நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் காட்டப்பட்ட ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே கடிதம் எழுதும் வரை, அதே சந்தை அதை முழுதாக விலையில் ஏற்றியிருக்கவில்லை. இவை இரண்டையும் ஒன்றாக வைத்து விளக்கச் சொல்லி ஒரு கட்டுரை எழுத வைத்தால், அதுதான் முதுகலைத் தேர்வு.

மேலே சொன்னவற்றைப் படிக்கும்போது உங்களுக்கு ஆர்வம் தோன்றியதா, இதெல்லாம் வேலைக்கு எதற்கு என்று தோன்றியதா என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் தொழில் தேர்வுதான் உங்களுக்கு ஏற்றது, அதில் எந்தக் குறையும் இல்லை. முதலாவது என்றால், எம்.காம்., எம்.எஸ்ஸி. இரண்டிலும் இது கிடைக்கலாம், இரண்டிலும் கிடைக்காமலும் போகலாம். நம் ஊரில் எம்.காம். இரண்டாண்டுப் படிப்பு, கல்லூரிக்குக் கல்லூரி தரம் வெகுவாக மாறுகிறது. சில இடங்களில் பி.காம். பாடத்தையே கூடுதல் கணக்குகளோடு மறுபடி நடத்துகிறார்கள், திட்ட அறிக்கை என்ற பெயரில் ஐம்பது பேரிடம் வினாநிரல் கொடுத்து விழுக்காடு போட்டு முடித்துவிடுகிறார்கள். வேறு சில துறைகளில் புரோவெஸ் (Prowess) போன்ற நிறுமத் தரவுத்தளத்தை வாங்கி வைத்து மாணவரை உட்கார வைக்கிறார்கள். சேரும் முன் சென்ற ஆண்டு மாணவர் எழுதிய திட்ட அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தரவு எங்கிருந்து வந்தது என்று அதில் இருக்கும் ஒரு பத்தி அந்தத் துறையைப் பற்றி நிறையச் சொல்லும்.

இங்கிலாந்தின் ஓராண்டு எம்.எஸ்ஸி. பொதுவாக 180 கிரெடிட் கொண்டது. அதில் பெரும்பாலும் 120 பாடங்களுக்கு, 60 ஆய்வேட்டுக்கு. 50 எடுத்தால் தேர்ச்சி, 70 எடுத்தால் முதல்தரச் சிறப்பு. இங்கே 85, 90 வாங்கிப் பழகியவர் அங்கே 63 வாங்கிவிட்டு மனம் உடையத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. சேர்க்கைத் தகுதி என்ற இடத்தில் 'எந்தத் துறைப் பட்டமும் ஏற்கப்படும்' என்று எழுதியிருந்தால், அது வரலாறும் இலக்கியமும் படித்தவர்களைக் கணக்கியலுக்குத் திருப்பும் படிப்பு. ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டாண்டு இருந்த உங்களுக்கு அதன் முதல் பருவம் முழுவதும் தெரிந்ததாகவே இருக்கும். கணக்கியல் பட்டம் கட்டாயம், புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கும் படிப்பில்தான் நான் மேலே விவரித்த வகுப்பு இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே கல்லூரி ஆசிரியர் ஆவது உங்கள் நோக்கமானால், ஓராண்டு எம்.எஸ்ஸி. இந்தியாவில் செல்லாது என்ற பழைய பயம் இப்போது தேவையில்லை. 2022 ஜூலையில் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அது இங்கே முதுகலைக்கு இணையாக ஏற்கப்படுகிறது. ஆனால் நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு எப்படியும் எழுத வேண்டும், அந்த நோக்கத்துக்கு ஊர் எம்.காமே போதும்.

பணத்துக்கு வருவோம். நிதியியல் படிக்கப் போகிறவர் தன் முடிவுக்கே அதைப் பயன்படுத்திப் பார்க்காமல் இருக்கக் கூடாது. 30 லட்சத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டு வட்டியில் கல்விக் கடனாக வாங்குவதாகக் கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். முழுத் தொகையும் தொடக்கத்திலேயே எடுத்தால், தனிவட்டியாகவே இரண்டாண்டில் 6 லட்சம். 36 லட்சத்தைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 47,500 ரூபாய். கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு உண்டு, அதுவும் பழைய வரித் திட்டத்தில் இருந்தால் மட்டும். இங்கிலாந்தில் நல்ல வேலை கிடைத்தால் இந்தத் தவணை பெரிய சுமையல்ல. கிடைக்காமல் திரும்பி வந்தால், சென்னையில் இருக்கும் பன்னாட்டு வங்கிகளின் கணக்கு மையங்களில் கிடைக்கும் தொடக்கச் சம்பளத்தில் இதைக் கட்டிக்கொண்டு வாழ்வது பெரும்பாலோருக்கு இயலாது. சராசரியாகப் பார்த்தால் இலாபம் என்று ஒரு முதலீடு இருக்கலாம். ஆனால் மோசமான முடிவு வந்தால் வீடு போகும் என்ற நிலையில் சராசரியை மட்டும் பார்த்து யாரும் முடிவெடுப்பதில்லை. ஒரே வீடு என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்த வேலை கிடைக்குமா என்பதுதான் ஐயமான பகுதி. படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை தேட 2021 முதல் இரண்டாண்டு விசா கொடுத்துவந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறையும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதன் பிறகு தங்க வேண்டுமானால், வேலை தருபவர் விசாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும், சம்பளமும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்க வேண்டும். 2025 ஜூலையில் அந்தப் பொது வரம்பை 41,700 பவுண்டாக உயர்த்தினார்கள். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400. இவை சில ஆண்டுகளுக்குள் பலமுறை மாறிய விதிகள், நீங்கள் விமானம் ஏறுவதற்குள் மறுபடி மாறலாம். ஆகவே முகவர்கள் சொல்வதைக் கேட்காமல் அந்நாட்டு அரசின் தளத்தையே பாருங்கள். பதிவேட்டு வேலையைக் கணினி எடுத்துக்கொண்டுவிடும், கணக்குப் படிப்பதே வீண் என்ற பேச்சைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பில்களைப் பதிவதும் வங்கி அறிக்கையை ஒப்பிடுவதும் ஏற்கெனவே குறைந்துவருகின்றன, அதை என் அலுவலகத்திலேயே பார்க்கிறேன். அந்த 20 விழுக்காடு சரியா என்று ஒருவர் முடிவெடுத்துக் கையெழுத்திடும் வேலை எவ்வளவு காலம் மனிதரிடம் இருக்கும் என்பது இன்று யாருக்கும் தெரியாது. உறுதியாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் நிலையில் நான் இந்த ஆண்டு கடன் வாங்கமாட்டேன். சி.ஏ. இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்வேன். அது கடினம், பலர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள், ஆனால் தோற்றாலும் வீடு வீடாகவே இருக்கும், பாடமும் மிஞ்சும். ஏ.சி.சி.ஏ.வை இங்கிருந்தே எழுதத் தொடங்குவதும் ஒரு வழி. பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க இடம் கொடுக்கின்றன, கேட்டுப் பாருங்கள். அந்த ஓராண்டில் பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கு வேண்டிய இரண்டாண்டுப் பணி அனுபவம் உங்களிடம் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டாண்டு இங்கே இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அங்கேயே தங்க நினைப்பவருக்கு அது ஒத்துவராது. உதவித்தொகையோடு போனால் நான் மேலே சொன்ன எச்சரிக்கைகளில் பாதி விழுந்துவிடும், அப்போது தயங்காமல் போகச் சொல்வேன்.

கணிதம் பற்றிய உங்கள் பயத்துக்குப் பதில்: நுண்கணிதம் கொஞ்சம்தான் வேண்டும், புள்ளியியல் நிறைய வேண்டும். ஒட்டுப்போக்குப் பகுப்பாய்வு (regression) என்று நாம் பி.காமில் இரண்டு மாறிகளோடு நிறுத்திக்கொண்டதை அங்கே நூற்றுக்கணக்கான நிறுமங்கள், பல ஆண்டுகள் என்று விரித்துச் செய்ய வேண்டும்; ஆர், ஸ்டேட்டா, பைதான் ஆகிய கணினிக் கருவிகளில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் புள்ளியியலும் பொருளாதார அளவையியலும் இலவசமாகக் கிடைக்கின்றன. நிறும மதிப்பீட்டுக்கு, சென்னை லயோலா கல்லூரியில் படித்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் அஸ்வத் தாமோதரன் தம் வகுப்புகள் முழுவதையும் கட்டணமின்றித் தம் தளத்தில் வைத்திருக்கிறார். அவருடைய முதல் பத்து வகுப்புகளைப் பார்த்து, நீங்கள் தணிக்கையில் உதவிய ஏதாவது ஒரு தொழிலை மனதில் வைத்து, அதன் பெயரையும் உண்மைக் கணக்குகளையும் வெளியே கொண்டுவராமல் உத்தேச எண்களால் மதிப்பிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் எண் கிடைக்காமல் ஊகிக்க வேண்டியிருந்தது என்று குறித்துவைத்துக்கொண்டு மறுபடி எழுதினால், எந்தப் பாடத்திட்டம் உங்களுக்கு உதவும் என்பதை இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.